ஒரு பாட்டின் தையல்

'வித்தவுட் யூ' ஹாரி நில்ஸனுடைய பாட்டு என்பார்கள். அடுத்த தலைமுறைக்கு அது மரையா கேரியுடையது. இவர்களைத் திருத்துவது என் நோக்கமல்ல. மூலம், மறுபதிவு என்ற பாகுபாடு விமர்சனத்துக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதே கேள்வி.

பாட்டு முதலில் வந்தது 1970-ல், பேட்ஃபிங்கர் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'நோ டைஸ்' இசைத்தட்டில். பீட் ஹாமிடம் சரணம் இருந்தது. அதற்கேற்ற பல்லவி வாய்க்கவில்லை. டாம் எவன்ஸிடம் ஒரு பல்லவி இருந்தது, சரணம் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். ஹாமின் சரணம் பிரிந்துபோகிறவளின் முகத்தை நிதானமாக, ஏறக்குறைய நாகரிகத்தோடு நினைத்துப் பார்க்கிறது. எவன்ஸின் பல்லவிக்கு நாகரிகம் கிடையாது. நீயில்லாமல் உயிர்வாழ்வதில்லை என்ற ஒன்றையே சொல்கிறது. ஆனால் குழு அதை அலறவில்லை. கிதாருக்கும் ஆர்கனுக்கும் நடுவே, சொல்கிறவனுக்கே முழு நம்பிக்கை வராத வாக்கியம்போலச் சொல்லி அடங்கிவிடுகிறது. தையல் வெளியே தெரிகிறது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அவர்கள் அதைத் தனித்தட்டாகக்கூட வெளியிடவில்லை.

நில்ஸன் தாமே பாட்டெழுதுகிறவர். இருந்தும் அவருடைய மிகப் பெரிய வெற்றிகள் இரண்டும் பிறர் எழுதியவை. 1971-ல் ரிச்சர்ட் பெர்ரியின் தயாரிப்பில் பாடிய இந்தப் பாட்டு 1972-ல் அமெரிக்காவில் நான்கு வாரமும் பிரிட்டனில் ஐந்து வாரமும் முதலிடத்தில் இருந்தது. அவர் செய்தது எளிய காரியம். பியானோவை முன்னே வைத்தார். பல்லவியை முதலில் கீழ் ஸ்தாயியில் பாடி, மறுமுறை மேல் ஸ்தாயிக்கு எடுத்துப்போனார். சொற்கள் மாறவில்லை. ஆனால் முதலில் சொன்னது வெறும் பேச்சு, இப்போது கேட்பது அதற்கான விலை என்று ஆகிவிடுகிறது. பாட்டுக்குள் கிடந்த ஒரு சாத்தியத்தைப் படித்தறிந்த குரல் இது. இதை நான் விமர்சனம் என்றே சொல்வேன்.

மரையா கேரியின் பதிவு 1993-ல் 'மியூசிக் பாக்ஸ்' தொகுப்பில் வந்தது. அவர் எடுத்துக்கொண்டது நில்ஸனை, பேட்ஃபிங்கரை அல்ல. குரல் வளத்தில் குறையில்லை. ஆனால் உச்சம் வரப்போகிறது என்பது பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். அடுக்கடுக்கான பின்னணிக் குரல்கள் துயரத்துக்குத் துணை வந்துவிடுகின்றன. தனிமை போய்விட்டால் இந்தப் பாட்டில் மிஞ்சுவது சாரீரம்தான்.

ஹாம் 1975-ல், எவன்ஸ் 1983-ல், இருவருமே தற்கொலை செய்துகொண்டார்கள். இதைக்கொண்டு பல்லவியை ஒரு தீர்க்கதரிசனமாகக் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு இது ஒப்பவில்லை. ஹாமைச் சூழ்ந்திருந்தவை ஒப்பந்தங்களும் முடங்கிய பணமும். எவன்ஸின் கடைசி நாட்களில் இதே பாட்டின் ராயல்டி பற்றிய சச்சரவு இருந்தது. அந்தச் சாவுகளைக் காதல் துயரமாகக் கேட்கிறவன் கணக்கை மறைக்கிறான். மரணம் பாட்டுக்கு நற்சான்றிதழும் ஆகாது.

பாட்டை முடித்தவர் நில்ஸன்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆனாலும் அந்த முதல் பதிவு எனக்கு வேண்டும். இருவரின் இரண்டு துயரங்கள் முழுக்கக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை அதில் மட்டுமே கேட்க முடிகிறது.