மாக்ஸின் அச்சம் எங்குள்ளது?

மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்டு திங்ஸ் ஆர்’ (1963) படநூலில் சிறுவன் மாக்ஸ் கொடிய விலங்குகளைக் கண்ணிமைக்காமல் நோக்கி அடக்குகிறான். அவனது துணிவை அவ்விடத்தில் காண்பதே பொதுவான வாசிப்பு. பக்க அமைப்போ வேறொன்றை உணர்த்துகிறது. தொடக்கத்தில் சிறிதாயிருந்த படம் படிப்படியாக விரிந்து, விலங்குகள் கூத்தாடும் மூன்று இரட்டைப் பக்கங்களில் சொல்லையே வெளியேற்றிவிடுகிறது. அங்கு மாக்ஸுக்கு அச்சமில்லை, அவன் அரசன். இரவுணவின்றி அறைக்கு அனுப்பிய தாயின் சினத்திலேயே அவனது அச்சம் உள்ளது. உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் இத்தண்டனையைக் கண்டித்தார். அச்சத்தின் இடத்தை அவர் சரியாகவே இனங்கண்டார் எனலாம். ஆனால் நூலைப் படிக்காமல் எழுதியமையால் மாக்ஸின் திரும்புதல் அவர் கருத்தில் இடம்பெறவில்லை. அரசைத் துறந்து, தண்டித்தவளின் வீட்டிற்கு மீள்வதே அவனது அரிய செயல். காத்திருக்கும் உணவின் சூட்டைச் சொல்லும் இறுதிப் பக்கத்தில் படமே இல்லை.