எண் பெற்ற நினைவு மலர்

நூலகம் இணையதளத்தில் பழைய ஈழத்து இதழ் ஒன்றைத் திறந்து பாருங்கள். அலங்காரம் எதுவும் இராது. நூலக எண், மொழி, பக்கங்கள் என்று ஒரு சிறு பெட்டி. 'வாசிக்க' என்றொரு தலைப்பு. பல இதழ்களுக்குக் கட்டுரைத் தலைப்புகளையும் வரிசையாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்த படத்துக்குள் தேடுபொறி காண முடியாததை இந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இந்தத் தளம் இயங்குவது மீடியாவிக்கியில். விக்கிப்பீடியாவைத் தாங்கும் அதே கட்டற்ற மென்பொருள். ஒலிப்பதிவு, ஒளிப்படம் போன்றவற்றுக்கான இவர்களது 'ஆவணகம்' தளம் ஐலண்டோராவில் அமைந்தது. அது கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மென்பொருள். இரண்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை; மூல நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம், பிரதி எடுத்து வேறிடத்திலும் வைக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தீக்குப் பறிகொடுத்த சமூகத்துக்கு இதன் அருமை தெரியும்.

இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்டுப் பங்கிடும் நினைவு மலருக்கும் நூலகம் தளத்தில் ஓர் எண் உண்டு. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படியொன்று கிடந்தால், செல்லரிக்கும் முன் அந்தத் தளத்தாரிடம் சேர்ப்பியுங்கள்.