படத்துக்கு முன்னால் தாளைப் பாருங்கள்

1850-களில் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு புகைப்படம் கண்ணில் பட்டால், அதில் யார் நிற்கிறார்கள் என்று தேடுவதற்கு முன் நிறங்கள் என்ன ஆகியிருக்கின்றன என்று பாருங்கள். நெற்றிக் குங்குமம் கறுப்பாக விழுந்திருக்கும். மஞ்சள் பூசிய முகம் இருண்டிருக்கும். விபூதி மட்டும் பளீரென்று தெரியும். வானத்தில் ஒன்றுமே இருக்காது, வெறும் தாள். அன்றைய வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும்தான் உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு இருட்டு.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் காவி வேட்டிச் சாது, அந்தப் பழைய ரசாயனத்தில் கறுப்பு உடுத்தியவராகத் தெரிவார். கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரத்துக்கு, மேகமே இல்லாத வெள்ளை வானத்தில் நிற்கும். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் எரியும் நெருப்பைப் பல ஊர்களிலிருந்து பார்க்கலாம். ஆனால் அந்தச் சுடரில் நீல ஒளி மிகக் குறைவு என்பதால் 1850-களின் தாளில் அது பதிந்திருக்குமா என்பதே சந்தேகம். நம் கண் பார்ப்பதைத் தாளும் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கையால் செய்த பிரிண்டை ரசிப்பது இந்த நினைப்பைக் கைவிடுவதில் தொடங்குகிறது.

அடுத்து, படம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைபேசித் திரையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கையால் செய்த பிரிண்டில் முதல் கேள்வியே இதுதான். பிரிண்டை ஜன்னலோரம் கொண்டுபோய், கண் மட்டத்தில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். மினுக்கம் துளியும் இல்லாமல், காகிதத்தின் நாரும் நிழலும் ஒன்றாகக் கலந்திருந்தால் அது சால்ட் பிரிண்ட்டாக இருக்கலாம். தாளை உப்புநீரில் நனைத்துக் காயவைத்து, மேலே சில்வர் நைட்ரேட்டைத் தடவி, நெகடிவோடு சேர்த்து வெயிலில் வைத்துச் செய்தது. வெள்ளி, தாளின் நாருக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். மேலே மெல்லிய பளபளப்போடு, வெளிச்சப் பகுதிகள் மஞ்சள் தட்டியிருந்தால் ஆல்புமென். அதில் வெள்ளியைத் தாங்கி நிற்பது முட்டையின் வெள்ளைக்கரு. தாள் மிக மெல்லியதாக இருப்பதால் சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்தக் காலத்துப் படங்கள் கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. நம் தாத்தா பாட்டி கல்யாணப் படங்களில் பெரும்பாலானவை மூன்றாவது வகை, ஜெலட்டின். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு சால்ட் பிரிண்ட்டின் மேல்தான் தீராத ஆசை. அதற்குக் காரணம் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் படையில் கேப்டன். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 இறுதியில் புறப்பட்டு, அடுத்த ஆண்டு வரை மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றினார். கண்ணாடி நெகடிவில் ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பெரும்பாடு. அவர் பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகடிவையே பயன்படுத்தினார். அதை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப்போகலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். நெகடிவும் காகிதம், பிரிண்டும் காகிதம் என்பதால் கல்தூணின் சொரசொரப்பு தாளின் சொரசொரப்போடு சேர்ந்துகொள்கிறது. மதுரை புது மண்டபத்தின் தூண்களை அவர் படத்தில் பார்க்கும்போது கல்லைத் தொடுகிற உணர்வு வருவதன் ரகசியம் இதுதான்.

அவருடைய கோயில்களில் பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார்கள். அதைப் பார்த்து அன்று கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்று முடிவுகட்டிவிடக் கூடாது. காகித நெகடிவில் ஒளி பதிய நிமிஷக்கணக்கில் ஆகும். நடந்து போகிறவர்கள் பதிய மாட்டார்கள். சற்று நின்றுவிட்டு நகர்ந்தவர் மட்டும் லேசான புகைபோல விழுந்திருப்பார். படிக்கட்டுகளிலும் தூண் ஓரங்களிலும் அந்தப் புகை தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். பௌர்ணமி நாளின் பகலில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க நகரும் கூட்டமும் இப்படித்தான் காணாமல் போயிருக்கும். மலை மட்டும் மிஞ்சியிருக்கும்.

ட்ரைப்பின் வானத்தையும் விடாதீர்கள். வெறும் வெள்ளையாக விழும் வானம் பிடிக்காமல், நெகடிவின் மேலேயே வண்ணம் தடவி மேகங்களை வரைந்தார். சில இடங்களில் இலைதழைகளையும் சேர்த்தார். இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாளால் முடியாததைக் கை செய்தது, அவ்வளவுதான். அவருடைய உச்சம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகள். 21 பிரிண்டுகளை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளும் ஒரே படமாக்கினார். இவ்வளவும் செய்தவரின் வேலையை, இது வீண் ஆடம்பரம் என்று 1859-இல் ஆளுநர் ட்ரெவெல்யன் நிறுத்தினார். 2014-15-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் அவருக்கென்றே கண்காட்சி நடத்தின. அவற்றின் இணையத் தொகுப்புகளில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தாளின் நார்வரை தெரியும்.

இப்போது ஜெலட்டின். திருவண்ணாமலையில் மலைக்கு அடுத்தபடியாக எங்கும் காணக்கிடைக்கும் உருவம் ரமண மகரிஷியுடையது. அதிலும் அந்த மார்பளவுப் படம், பெங்களூருவைச் சேர்ந்த வெல்லிங் 1946-இல் எடுத்தது, டீக்கடையில்கூட மாட்டியிருக்கும். காலண்டரில், ஸ்டிக்கரில், சாவிக்கொத்தில் பார்த்துப் பார்த்து நாம் அதைப் படமாகப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். ஒரு நல்ல பிரிண்டுக்கு முன்னால் நின்று, முதலில் கண்களைத் தவிர்த்துவிடுங்கள், அவை எப்படியும் இழுத்துக்கொள்ளும். தாடையோரம் போங்கள். வெட்டிவிட்ட நரைமுடி ஒவ்வொன்றும் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில் வேறு வேறு அளவில் நிற்கிறதா, அல்லது எல்லாம் ஒரே வெள்ளைப் பட்டையாக அடைத்துப்போயிருக்கிறதா? மலிவான நகலில் அடைத்துப்போயிருக்கும். வெளிச்சத்திலும் விவரம், நிழலிலும் விவரம், நடுவில் சாம்பலின் நீண்ட படிக்கட்டு. வெள்ளி ஜெலட்டின் பிரிண்டின் அழகு முழுக்க அந்தப் படிக்கட்டில்தான்.

அந்தப் படிகளை அமைப்பது இருட்டறையில் நிற்பவரின் கை. என்லார்ஜரின் ஒளிக்கும் தாளுக்கும் நடுவே உள்ளங்கையை நீட்டி ஓர் இடத்துக்கு ஒளியைக் குறைப்பார், விரல்களைக் குவித்து இன்னோர் இடத்துக்குக் கூட்டுவார். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தார். அவர் தன் படங்களுக்குத் தானே பிரிண்ட் போடும் வழக்கமில்லாதவர். உலகமே அவர் கண்ணைப் புகழ்கிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு பிரிண்டிலும் இருட்டறையில் நின்ற இன்னொருவரின் உள்ளங்கையும் இருக்கிறது.

ரசிக்கக் கற்றுக்கொள்ள மிகச் சுலபமான வழி, ஒன்றைச் செய்து பார்ப்பது. வெள்ளி விலைக்குப் பயந்தால் சயனோடைப் இருக்கிறது. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த இரும்பு உப்பு முறை. கட்டட வரைபடங்களுக்கு ‘ப்ளூ பிரிண்ட்’ என்ற பெயர் வந்ததே இதனால்தான். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் கரைசலும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலும் சம அளவு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வலுவான அமிலத்தோடு சேர்க்காமல், சூடாக்காமல், கையுறை போட்டுக்கொண்டு செய்தால் போதும். கெட்டியான ஓவியத் தாளில் தூரிகையால் தடவி, இருட்டில் உலர்த்துங்கள். தாள் இளம் மஞ்சள்பச்சையாக இருக்கும்.

அதன்மேல் ஒரு வில்வ இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். மஞ்சள்பச்சை முதலில் நீலம் கலந்த சாம்பலாகும், பிறகு வெண்கலம் போன்ற ஒரு மங்கல். நல்ல வெயிலில் பத்து நிமிஷம் போதும். எடுத்துத் தண்ணீரில் போட்டால் மஞ்சள் வழிந்தோடி, இலை இருந்த இடம் வெள்ளையாகவும் மற்றது நீலமாகவும் நிற்கும். போர்வெல் தண்ணீர் கடினமானதாக இருந்தால் முதல் அலசலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்கள், நீலம் வெளுக்காது.

காய்ந்த பிறகு இலையின் விளிம்பைக் கிட்டத்தில் பாருங்கள். கண்ணாடி அழுத்திய இடத்தில் கோடு கத்தி வைத்து வெட்டியதுபோல் இருக்கும். காம்பு கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்த இடத்தில் வெள்ளை மெல்ல மெல்ல நீலத்தில் கரையும். இலை தாளிலிருந்து எவ்வளவு எழும்பி நின்றது என்பதைக்கூட அந்தக் கரைதலை வைத்துச் சொல்லிவிடலாம். பச்சை வில்வ இலையில் ஒளி அதிகம் புகாது, அதனால் வெறும் உருவம்தான் விழும். நரம்பு மட்டும் மிஞ்சிய அரச இலையை வையுங்கள், நரம்பெல்லாம் வரும். ஆன்னா அட்கின்ஸ் இங்கிலாந்தில் 1843 முதல் கடற்பாசிகளை இப்படித்தான் பதித்துப் புத்தகமாக்கினார்.

கோந்தும் வண்ணமும் கலந்து செய்யும் கம் பைக்ரோமேட் அழகானது, ஆனால் அதிலுள்ள டைக்ரோமேட் கொடிய விஷம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வீட்டில் வேண்டாம், தெரிந்தவர்களிடம் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓரத்தில் தூரிகை இழுத்த தடம் தெரிகிறது என்பதற்காகவே ஒரு பிரிண்ட் நல்ல பிரிண்ட் ஆகிவிடாது. இப்போது பலர் அந்தத் தடத்தை வேண்டுமென்றே அள்ளித் தெளிக்கிறார்கள். படத்துக்கு அந்த முறை ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். திருவண்ணாமலையில் இயங்கும் ஏகலோகம் புகைப்பட அறக்கட்டளையின் அபுல் கலாம் ஆசாத், மட்டாஞ்சேரியில் பிறந்தவர், பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தவர். பிரிண்டின் மேல் கீறுவதையும் வண்ணம் பூசுவதையும் தன் மொழியாக்கிக்கொண்டவர். அவர் கை வைத்த இடத்தில் படத்தின் பொருள் மாறுகிறது, அதனால் அந்தக் கீறல் நியாயமாகிறது. இந்த அறக்கட்டளையின் ‘ப்ராஜெக்ட் 365’, 2014-15-இல் ஊரின் ஓராண்டு வாழ்க்கையைப் பல புகைப்படக்காரர்களைக் கொண்டு பதிவு செய்தது. மலையையும் சாமியார்களையும் தாண்டி இந்த ஊரில் பார்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும்.

கடைசியாக உங்கள் வீட்டுச் சுவருக்கு வாருங்கள். பழைய ஸ்டூடியோ படத்தைச் சாய்த்துப் பாருங்கள். கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த ஒரு உலோக மினுக்கம் தெரிகிறதா? ஜெலட்டினுக்குள் இருந்த வெள்ளி மேலே வந்து படிந்திருக்கிறது. கன்னத்தில் சுருக்கமே இல்லையென்றால், நெகடிவின் மேல் பென்சிலால் டச்சப் செய்திருக்கிறார்கள். உதட்டிலும் புடவைக் கரையிலும் வண்ணம் கோட்டைத் தாண்டியிருந்தால் அது கைக்கலர். பின்பக்கம் திருப்பி ஸ்டூடியோ முத்திரையைப் படியுங்கள். இப்படிப்பட்ட தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தேடிச் சேகரித்து, பிரிட்டிஷ் லைப்ரரியின் திட்டம் ஒன்றின் மூலம் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் ஊர் ஸ்டூடியோவும் அதில் இருக்கலாம்.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, சட்டத்தை ஈரச்சுவரிலிருந்து இறக்கி உலர்ந்த இடத்தில் மாட்டுங்கள்.