கடவுளைப் படைத்தவர் யார்? - ரசலின் வினாவும் நம் பாடமும்

கடவுள் உலகைப் படைத்தார் என்றால், கடவுளைப் படைத்தவர் யார்? மறைக்கல்வி வகுப்பில் சிறுவர் எழுப்பும் இவ்வினாவையே தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல், 1927 மார்ச் 6 அன்று இலண்டன் பாட்டர்சீ நகர மன்றத்தில் ஆற்றிய உரையில் எழுப்பினார். 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' என்னும் அவ்வுரை தமிழிலும் வெளிவந்துள்ளது. நம்மவருள் பலர் அதைப் படியாமலே வெறுக்கின்றனர். படித்து எடைபோடுவதே முறை.

ரசலின் நடை தெளிவும் நகைச்சுவையும் கொண்டது. பதினெட்டு வயதில், ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தன்வரலாற்றில் இவ்வினாவைக் கண்டதும், முதற்காரண வாதத்தைக் கைவிட்டதாகக் கூறுகிறார். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமெனில் கடவுளுக்கும் வேண்டும். காரணமின்றி ஒன்று இருக்கலாமெனில், அது உலகமாகவே இருக்கலாம் என்பது அவர் வாதம். உலகை யானை தாங்குகிறது, யானையை ஆமை தாங்குகிறது என்பவர், ஆமையைத் தாங்குவது எது என்றதும் பேச்சை மாற்றும் கதையைச் சொல்லி நகைக்கிறார்.

இவ்வாதத்தின் முதற்பாதி புனித தாமஸ் அக்குவினாஸைத் தொடவில்லை. 'இறையியல் தொகுப்பு' நூலின் முதற்பகுதி, 2ஆம் வினாவில் அவர் காட்டும் ஐந்து வழிகளுள் எதுவும், 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்று தொடங்குவதில்லை. மாறுவது பிறிதொன்றால் மாற்றப்படுகிறது; எதுவும் தனக்குத் தானே காரணமாகாது என்பவையே அவர் அடிப்படைகள். உலகிற்குக் காலத்தில் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் எண்பிக்க இயலாது, விசுவாசத்தால் ஏற்கிறோம் என்று 46ஆம் வினாவில் அவரே ஒப்புக்கொள்கிறார். பாட்டனார் மறைந்தபின்னும் தந்தை பிள்ளை பெறுவார். கை ஓய்ந்தாலோ கோல் கல்லை நகர்த்தாது. கையும் கோலும் போன்ற தொடரே தாமஸின் கருத்து. என்றோ ஒருநாள் தொடங்கி வைத்தவரை மட்டுமல்ல, இக்கணமும் தாங்கி நிற்பவரை அவர் தேடினார்.

ரசல் வீழ்த்தியது நம் எளிய பாடத்தை. 'நாற்காலியைத் தச்சர் செய்தார். செய்தவரின்றி எதுவும் இல்லை. ஆகவே உலகைக் கடவுள் செய்தார்' என்று கற்பிக்கிறோம். அடுத்த வினாவை அப்பாடமே வரவழைக்கிறது. வினவும் பிள்ளையை, 'அப்படிக் கேட்பது பாவம்' என்று அடக்கிவிடுகிறோம். அடக்கப்பட்ட வினா, அப்பிள்ளை கல்லூரிக்குச் செல்லும் வயதில் மீண்டும் எழும். அப்போது விடைதேடி நம்மிடம் வராது.

வாதத்தின் பிற்பாதி வலியது. 1948இல் பி.பி.சி. வானொலியில் இயேசு சபைக் குரு காப்ல்ஸ்டனுடன் வாதிட்டபோதும், உலகம் இருக்கிறது, அதற்கு மேல் கேட்பதற்கில்லை என்பதிலேயே ரசல் நின்றார். தம் இருப்பின் காரணத்தைத் தம்மிலேயே கொண்டவரிடம் காப்ல்ஸ்டன் வினாவை நிறுத்தினார். அன்று ஆமைக் கதை சொல்லி நகைத்தவர், இங்கே தாமே பேச்சை மாற்றினார் எனத் தோன்றுகிறது. ஆயினும் நாம் வெற்றிமுழக்கமிட வேண்டா. வினாவை எங்கே நிறுத்துவது என்னும் வழக்கு தத்துவ உலகில் இன்றும் நடக்கிறது.

எரியும் முட்புதரில் மோசேக்குக் கடவுள் தம்மை 'இருக்கின்றவர்' என வெளிப்படுத்தியதாக விடுதலைப் பயண நூல் கூறுகிறது. இருப்பைப் பிறரிடமிருந்து பெற்றவர் கடவுள் அல்லர். அத்தகைய கடவுளை ரசல் மறுத்தால் நாமும் உடன் மறுப்போம். இதைப் பிள்ளைகளுக்கு எளிய தமிழில் சொல்லும் கடமை நம்முடையது.