திறன்பேசிச் செயலிவழிப் பின்னூட்டமும் மாணவர் கட்டுரையும்: ஒரு திறனாய்வு நோக்கு

மாணவர் எழுதிய கட்டுரையைப் படித்து, அதன் நிறைகுறைகளை அவர் உணருமாறு ஆசிரியர் தெரிவிக்கும் கருத்தே பின்னூட்டம் எனப்படுகிறது. கட்டுரை ஏட்டின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதப்பட்டு வந்த இக்கருத்து, இன்று திறன்பேசித் திரைக்கும் இடம்பெயர்ந்துள்ளது. மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலின்போது, தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஏட்டில் எழுதியதைப் படம்பிடித்துப் புலனத்தில் அனுப்புவதும், ஆசிரியர் அப்படத்தின்மீதே வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவதும் வழக்கமாயின. பள்ளிகள் திறந்த பின்னரும் இவ்வழக்கம் முற்றும் மறையவில்லை.

இத்தகைய முயற்சிகளைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போது நமக்கு ஒரு நெருடல் எழுகிறது. மாணவர்கள் செயலியை விரும்பினர், அவர்தம் ஆர்வம் கூடியது என்னும் அளவிலேயே முடிவுகள் பலவும் நின்றுவிடுகின்றன. விருப்பத்தை வினாநிரல் கொண்டு ஒரு பாடவேளையில் அறிந்துவிடலாம். ஆனால், பின்னூட்டம் பெற்ற மாணவர் அக்கட்டுரையை மீண்டும் எழுதினாரா, எழுதியது முன்னதைவிடச் செம்மையுற்றதா என்பதை அறிய, இரு வரைவுகளையும் ஒருங்கே வைத்துப் படித்தாக வேண்டும். மறுவரைவு இல்லாத இடத்தில் பின்னூட்டம் எவ்வளவு விரைந்து சென்றாலும் அது வெறும் அறிவிப்பே என்பது நம் கருத்து.

முதற்கண் எழுத்துப்பிழை காட்டும் செயலிகளை நோக்குவோம். சொல்லைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இல்லாததைக் கோடிட்டுக் காட்டுவது இவற்றின் அடிப்படை வேலை. ‘கதவைத் திரந்தான்’ என்பதை இவை பிடித்துவிடும். ஆனால், ‘அப்பா பனிக்குச் சென்றார்’, ‘மல்லிகையின் மனம் வீசியது’, ‘சட்டையில் கரை படிந்தது’ என்பன போன்றவை தப்பிவிடக் கூடும். பனியும் மனமும் கரையும் தமிழில் உள்ள சொற்களே அல்லவா? வாலை, வாளை, வாழை என மூன்று எழுத்துக்கும் மூன்று சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆகவே, நம் மாணவர் மிகுதியாகத் தடுமாறும் இடங்களிலேயே சொற்பட்டியல் கைகொடுக்கத் தவறுகிறது. வல்லினம் மிகுதலும் அவ்வாறே. ‘படித்து காட்டினான்’ என்பதில் இரு சொற்களும் தனித்தனியே சரியானவை; ஒற்று வேண்டும் என்பதை அவற்றின் புணர்ச்சியே காட்டும். ‘வேலை கொடுத்தான்’ என்றால் ஒருவருக்குப் பணி கிடைத்தது. ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேல் கைமாறியது. இவற்றுள் மாணவர் கருதியது எது என்பதை அறிய முன்பின் தொடர்களைப் படிப்பவர் தேவை. இதனைக் கவனியாது, கோடு விழாத கட்டுரையைப் பிழையற்ற கட்டுரை என மாணவர் நம்பிவிடுவதே பெருந்தீங்கு.

திறன்பேசியிலேயே தட்டெழுதும்போது சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் வெளிவந்த செல்லினம் முதலிய உள்ளீட்டுச் செயலிகள் கைப்பேசியில் தமிழ் எழுதுவதை எளிதாக்கின, அத்தொண்டு பெரிது. எனினும், இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியவுடன் முழுச்சொல்லையும் பரிந்துரைக்கும் வசதி, எழுதுவோர்க்கு உதவியாக இருக்கும் அளவுக்குக் கற்போர்க்கு உதவியாக இருப்பதில்லை. பிட் கார்டர் 1967இல், கவனக்குறைவால் நேரும் தவறு வேறு, அறியாமையால் நேரும் பிழை வேறு எனப் பிரித்துக் காட்டினார். பரிந்துரையைத் தொட்டு எழுதப்பட்ட கட்டுரையில் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. ‘பணி’ என்று சரியாக வந்திருப்பின் மாணவர் அறிந்து எழுதினாரா, திரை தந்ததா? ‘பனி’ என வந்திருப்பின் அறியாமையா, விரல் பிறழ்ந்ததா? ஆசிரியர் எதற்குப் பின்னூட்டம் தருவது? கட்டுரையை ஏட்டில் எழுதச் செய்து படம்பிடித்து அனுப்பச் செய்வது பழமைபோல் தோன்றினும், பிழையின் தடயத்தை அழிக்காத முறை அதுவே.

பிழையனைத்தையும் திருத்துவதுதான் பின்னூட்டமா என்பது வேறு வழக்கு. இரண்டாம்மொழி எழுத்தில் இலக்கணத் திருத்தம் கைவிடத்தக்கது என ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட்டார். டேனா ஃபெரிஸ் 1999இல் அதனை மறுத்துரைத்தார். நமக்கு இங்கு உடனடியாகப் பயன்படுவது ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு. கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணிகளில் முன்னேறினர். மதிப்பெண்ணையும் கருத்துரையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. எண்ணைக் கண்டபின் எழுத்தைப் படிப்பார் யார்? மதிப்பெண்ணையும் நட்சத்திரங்களையும் முதலில் காட்டும் செயலியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் தம் உழைப்பைத் தாமே மறைத்துக்கொள்கிறார்.

புலனத்தில் இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. தொடக்கப்பள்ளி மாணவர் பயன்படுத்துவது பெரும்பாலும் பெற்றோரின் திறன்பேசி. பகலில் ஆசிரியர் அனுப்பிய குறிப்பு, பெற்றோர் பணிமுடிந்து வீடு திரும்பும் வேளையில் ஐம்பது செய்திகளுக்குக் கீழே கிடக்கும். ஏட்டிலோ சென்ற மாதப் பிழை ஒரு தாள் தொலைவில்தான் உள்ளது. வகுப்புக் குழுவில் பலர் காணத் திருத்தத்தை இடுவது குறித்து விரித்துரைக்க வேண்டியதில்லை, அது கூடாது.

செயலிகளின் வசதிகளுள் நாம் முழுமனத்துடன் வரவேற்பது குரற்பதிவையே. தமிழ்க் கட்டுரைக்கு அது தனிப்பொருத்தம் உடையது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஆயிரம் வட்டமிட்டாலும் காட்ட இயலாது. ஒலித்துக் காட்டினால் செவி பற்றிக்கொள்ளும். மேலும், பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் இடையே உள்ள தொலைவில் தடுமாறும் மாணவரிடம், அவர் அறிந்த பேச்சு வழக்கிலேயே எழுத்து வழக்கை விளக்க முடிகிறது. சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு 2005இல் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் அழுத்தம் தருமாறு பரிந்துரைத்ததை ஈண்டு நினைவுகூரலாம். நேரமே தடை. முப்பது மாணவர்க்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு கட்டுரைக்கு இரண்டரை மணி நேரம் செல்லும். இதனைக் கட்டுரைதோறும் செய்யுமாறு கோருவது நேர்மையன்று. தவணைக்கு இரண்டு கட்டுரைகளுக்கேனும் செய்யலாம்.

மலேசியாவில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டபின், தேர்வுக்கென அடுத்தடுத்த தலைப்புகளில் எழுதிக் குவிக்க வேண்டிய நெருக்கடி தளர்ந்துள்ளது. மறுவரைவுக்கு வகுப்பில் இடமுண்டு. குரற்பதிவைக் கேட்ட மாணவர் பிழைபட்ட பத்தியை ஏட்டில் திருப்பி எழுதி அனுப்பும்வரை, வகுப்புசார் மதிப்பீட்டில் அவர்தம் அடைவுநிலையை ஆசிரியர் அறிவியாதிருக்கலாம். அவ்வாறு செய்வோர் இரு வரைவுகளையும் மாணவர் பெயரை நீக்கி ஆய்வாளரிடம் வழங்க முன்வருவாராயின், வினாநிரல்கள் இதுவரை தாராத சான்று நம் கைக்கு வரும்.