வடிகட்டிக்கு ஆற்றில் என்ன வேலை?

ஆங்கிலச் சொல்வளம் கற்பிக்கும் கையேடுகளில் 'ஆற்றுப் பயணமும் சாகசமும்' என்று ஒரு பக்கம் அடிக்கடி கண்ணில் படும். ராஃப்ட், கனூ, கயாக், ஓர், பேடில், ரேப்பிட்ஸ், எடி, கரன்ட் என்று இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் அவற்றுக்குத் தமிழ். இருபது சொல்லை மனப்பாடம் செய்து மறுநாள் ஒப்பிக்க வேண்டும். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்று அந்தப் பக்கத்தை அப்படியே நடத்த எனக்கு மனம் வருவதில்லை.

அதன் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உதிரிச் சொற்களைவிட, ஒரே காட்சியைச் சேர்ந்த சொற்கள் பிள்ளைகளை இழுக்கின்றன. வாய்க்காலில் குதித்து வளர்ந்த பிள்ளைக்குக் கரை, இழுப்பு, மடு, சுழி எல்லாம் உடம்பாலேயே தெரியும். புதிதாகக் கற்க வேண்டியது பெயரை மட்டும்தான். 'கரன்ட்' என்றால் மின்சாரம் என்றே பழகியவர்கள், ஆற்று இழுப்புக்கும் அதே சொல்தான் என்று அறியும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தை வேறு பாடத்தில் நான் பார்த்ததில்லை.

சிக்கல் துடுப்பில் தொடங்குகிறது. பட்டியலில் 'ஓர்' என்றாலும் துடுப்பு, 'பேடில்' என்றாலும் துடுப்பு. ஆனால் கருவி வேறு, வேலை வேறு. 'ஓர்' படகின் விளிம்பில் ஒரு பிடியில் மாட்டியிருக்கும். அதை வலிப்பவர் பெரும்பாலும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். 'பேடில்' எதிலும் மாட்டப்படாமல் கையோடு மட்டும் இருக்கும். அதைப் போடுபவர் முன்னே பார்த்துப் போகிறார். ஒகேனக்கல் பரிசல்காரர் கையில் இருப்பது பேடில். இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். பட்டியலில் அந்த வரிக்கு இடமில்லை.

ஒரே இனச் சொற்களை ஒரே நாளில் சேர்த்துப் படிப்பதே இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாமஸ் டிங்கம் 1993-இல் செய்த சோதனைகளில், பொருளால் நெருங்கிய சொற்களைச் சேர்த்துப் படித்தவர்கள், தொடர்பில்லாத சொற்களைப் படித்தபோதைவிட அதிகம் தடுமாறினார்கள். ராப் வாரிங் 1997-இல் ஜப்பானிய மாணவர்களிடம் அதே முடிவைக் கண்டார். அதே ஆண்டில் டிங்கம் இன்னொன்றையும் காட்டினார்: தவளை, குளம், தாவுதல் என்பதுபோல ஒரு நிகழ்வால் இணைந்த சொற்கள் எளிதாக மனதில் நிற்கின்றன. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். ஆனால் கனூவையும் கயாக்கையும் மாற்றி மாற்றி எழுதிய விடைத்தாள்களைத் திருத்திய எனக்கு இதில் பெரிய சந்தேகம் இல்லை.

பெரிய குறை வேறொன்று. சாகசச் சொற்களில் கடினமானவை கயாக், கனூ அல்ல. அவை படத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஏற்கெனவே தெரிந்த எளிய சொற்கள் ஆற்றில் வேறு வேலை பார்ப்பதுதான் கடினம். 'ஸ்ட்ரெய்னர்' நம் வீட்டு டீ வடிகட்டி. படகுக்காரர்களுக்கோ அது ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரம். கிளைகளுக்கிடையே தண்ணீர் போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். உயிரைப் பறிக்கும் இடம் அது. 'ஸ்விம்மர்' என்றால் அங்கே நீச்சல் வீரர் இல்லை. படகிலிருந்து தண்ணீரில் விழுந்தவர், நீந்தத் தெரியாவிட்டாலும் அவர் ஸ்விம்மர்தான். 'டேக்-அவுட்' ஓட்டலில் வாங்கும் பார்சல் இல்லை, பயணம் முடிந்து படகைக் கரையேற்றும் இடம். நான் பார்த்த பட்டியல்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

'எடி' இருந்தது, எதிரே 'சுழல்' என்று எழுதியிருந்தது. நமக்குச் சுழல் என்றால் ஆளை உள்ளே இழுப்பது, அம்மா போகாதே என்று சொல்லும் இடம். ராஃப்ட் ஓட்டுபவருக்கு எடி பெரும்பாலும் ஒதுங்கும் இடம். பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி வந்து தேங்குகிற அந்த இடத்தில் படகை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வார். அபாயத்தின் பெயரை அடைக்கலத்துக்குச் சூட்டுகிற அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படி ஆற்றைப் புரிந்துகொள்ளும்?

வினைச்சொற்களைப் பட்டியல் தொடுவதே இல்லை. ரிஷிகேஷுக்கு மேலே சிவ்புரியில் கங்கையில் இறங்குகிறவர்களின் காதில் விழுவது 'ஃபார்வர்டு', 'பேக்', 'ஹோல்ட் ஆன்', 'கெட் டவுன்' போன்ற கட்டளைகள். தண்ணீரின் இரைச்சலுக்கு நடுவே, யோசிக்க நேரமில்லாமல், கை தானாகத் துடுப்பைப் போட வேண்டும். இதை ஒப்பித்துப் பழக முடியாது. வகுப்பில் பெஞ்சைப் படகாக்கி, குச்சியைத் துடுப்பாக்கிக் கத்திப் பழகலாம்.

ஆகவே நான் இப்போது இனவாரியாக நடத்துவதில்லை, பயண வரிசையில் நடத்துகிறேன். படகை இறக்கும் இடத்தில் மூன்று சொல், பாறை வரும்போது இரண்டு, விழுந்தால் ஒன்று. வேகம் குறைவு, வாரத்துக்கு எட்டு சொல்லைத் தாண்டுவதில்லை. பெற்றோர் சிலருக்கு இது குறையாகவே படுகிறது.

போன மாதம் பள்ளிக்குப் பின்னாலுள்ள வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். தலை வெளியே தெரியும்படி ஒரு பெரிய கல்லை நடுவில் போட்டு, மேலேயிருந்து வேப்பிலைகளை விடச் சொன்னேன். பெரும்பாலானவை பக்கவாட்டில் ஓடிப்போயின. ஒன்று மட்டும் கல்லைத் தாண்டியதும் திரும்பி, நீரோட்டத்துக்கு எதிராக மெல்ல மேலே வந்து, கல்லின் நிழலில் நின்றது.

"சார், இலை நிக்குது!" என்றாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அதன் பெயரைக் கேட்டேன். "எடி," என்றாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.