வாலிபனும் தமிழனும்

பாரிவாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஜப்பான் போய் வந்திருக்கிறார். பேங்க்கில் ரிட்டயர் ஆன பணம், எட்டு நாள் பேக்கேஜ் டூர். போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் காபியைக் கொடுத்து, டி.வி.யில் பென் டிரைவைச் செருகிவிட்டார். தப்பிக்க வழியில்லை. ஃப்யூஜி மலைக்கு முன்னால் அவர். கியோட்டோ தங்கக் கோயிலுக்கு முன்னால் அவர். மூங்கில் காட்டில் அவரும் மாமியும். பி.காம். படித்த புத்தி, எண்ண ஆரம்பித்துவிட்டேன். முதல் நூறு படங்களில் ஒரு ஜப்பான்காரர் முகம்கூட வரவில்லை.

சிரிக்காதீர்கள். வெளியூர் போனால் இப்படித்தான் நிற்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே 'உலகம் சுற்றும் வாலிபன்'தானே? அன்று ராத்திரியே மறுபடி போட்டுப் பார்த்தேன்.

எம்.ஜி.ஆர். தானே தயாரித்து, தானே இயக்கி, ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70க்கு யூனிட்டையே அழைத்துப் போய் எடுத்த படம். அன்னியச் செலாவணிக்கு அல்லாடிய அந்தக் காலத்தில் அது அசாத்தியத் துணிச்சல். எம்.எஸ்.வி. பாட்டுகளைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் கதை? மின்னலின் சக்தியைச் சேமிக்கிற ஃபார்முலாவை ஒரு விஞ்ஞானி ஊர் ஊராக ஒளித்து வைக்கிறார். லொகேஷன் மாற்ற ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஹாங்காங்கோ ஜப்பானோ, நாடக மேடையில் தொங்குகிற படுதா மாதிரி ஊர் பின்னாலேயே நிற்கிறது. மனசில் நிற்கிற ஜப்பானியப் பாத்திரம் ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம்.

ஆனால் ஒரு வேடிக்கை. எக்ஸ்போ 1970 மார்ச்சில் தொடங்கி 183 நாட்கள் நடந்தது. 77 நாடுகள், சுமார் 6 கோடியே 42 லட்சம் பேர். செப்டம்பரில் மூடி, பெரும்பாலான கட்டடங்களை இடித்தும் விட்டார்கள். டாரோ ஒகமோட்டோவின் சூரிய கோபுரம் நிற்கிறது. படம் வந்ததோ 1973 மே மாதம். நம் அப்பாக்கள் தியேட்டரில் வாய்பிளந்து பார்த்தபோதே அந்த எக்ஸ்போ உலகத்தில் இல்லை! இப்போது பார்க்கும்போது என் கண் ஹீரோவைத் தாண்டிப் போகிறது. பின்னால் போகிற கூட்டம், விசித்திரக் கூரைகள். அலங்காரத்துக்கு வைத்ததுதான் இன்றைக்கு உருப்படியான டாகுமெண்டரி.

இவருக்கு முன்பே ஒருவர் ஜப்பான் போனார். 1930களில், போட்டோகிராபி படிக்க. கோட்டையூர் ஏ.கே. செட்டியார். பிற்பாடு காந்தி டாகுமெண்டரி எடுத்தாரே, அவரேதான். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று அவருக்குப் பெயர், அவர் புத்தகத்துக்கும் அதுவே பெயர். கேமராவை முறையாகக் கற்ற மனிதர், எழுத்தில் தன்னை ஃபிரேமுக்குள் கொண்டுவரவே கூச்சப்படுவார். சின்னச் சின்ன வாக்கியம், நமுட்டுச் சிரிப்பு, சாதாரண ஜனங்களின் பழக்கவழக்கம். அவரைப் படித்தால் ஊர் தெரியும். அந்த வாலிபனுக்கு விசில் அடித்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தமிழனைப் படித்தோம்? நானே நாற்பதைத் தாண்டித்தான் படித்தேன்.

படக்காட்சி முடிந்து கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார். "கியோட்டோல மழை சார். வழி தெரியாம முழிச்சோம். ஒரு பாட்டியம்மா, பாஷையே தெரியாது, தன் குடையை மாமிக்குப் பிடிச்சுண்டு ஸ்டேஷன்வரைக்கும் நடந்து வந்து விட்டுட்டுப் போனா."

"அந்தப் படத்தைக் காட்டவே இல்லையே?"

"எடுக்கலையே சார். தோணவே இல்லை" என்றார்.